இத்தா வீட்டுச் செம்பருத்தி

துபாய்க்கு வேலைக்குப் போன நண்பன் தன் நில ஆமையை என்னிடம் விட்டுச் சென்றான். அதற்கு எதைக் கொடுக்கலாம் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். அரளி ஆகாது, செம்பருத்தி நல்லது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படித்ததை அப்படியே நம்புகிறவன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில், எல்லோரும் இத்தா என்று அழைக்கும் அக்கா வீட்டில்தான் செம்பருத்தி இருந்தது. கேட்டால் மறுத்துவிடுவாரோ என்ற கூச்சம் எனக்கு. மதிலுக்கு வெளியே நீண்ட கிளையில் தினமும் இரண்டு பூவும் கொஞ்சம் இலையும் கேட்காமலே பறித்தேன்.

ஒருநாள் காலை, "எடா, நில்லு!" என்று இத்தா கத்தினார். மாட்டிக்கொண்டோம் என்று வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன். பூவை ஆமையின் முன்னால் வைத்தேன். அது கழுத்தை நீட்டும்போது கதவு தடதடத்தது.

"மோனே, அதைக் கொடுக்காதே! நேத்து செடிக்கு மருந்தடிச்சேன்!"

பாய்ந்து பூவைப் பிடுங்கினேன். நல்லவேளை, ஆமை இன்னும் அதைக் கடிக்கவில்லை. பூவோடு போய்க் கதவைத் திறந்தேன்.

"ஆமைக்குன்னு எப்படி இத்தா தெரியும்?"

"சாமிக்குன்னா இலை எதுக்குடா? உன் வீட்டு ஆமையைத்தான் சந்தே பார்க்குதே." மூச்சு வாங்கச் சிரித்தார். "பின்னாடி இன்னொரு செடி இருக்கு. அதுக்கு மருந்து அடிக்கல, இனியும் அடிக்க மாட்டேன். நேரா உள்ளே வந்து பறிச்சுக்கோ."

அரளிக்குப் பயந்த நான், 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்கு அதைவிட அதிகம் பயந்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு ஆமை பலியாகியிருக்கும்.