சோறு என்று சொல்லாத வகுப்பு

கரும்பலகைக்குப் பூச, கோவைக்கொடி இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக்கொண்டிருந்தாள் லீலா மேரி. பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் வரதராசன்பேட்டைப் பக்கத்து அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பலகை கறுக்கும். தலைமையாசிரியர் சவரியாரின் முகம் வெளுக்கும்.

லீலா மேரி ஏலாக்குறிச்சிக்காரி. புருஷன் செத்த பிறகு, எட்டாவது படித்த தைரியத்தில் டீச்சரானவள். வேலை தற்காலிகம். இன்று இன்ஸ்பெக்டர் தலையாட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் தம்பி வீட்டில் சாணி அள்ள வேண்டியதுதான்.

சவரியார் திருச்சியில் ட்ரெயினிங் முடித்தவர். அங்கிருந்து ஒரு கட்டுப் பாடக்குறிப்பு கொண்டுவந்திருந்தார். எந்தப் பாடமானாலும் ஐந்து படி. டீச்சர் என்ன கேட்க வேண்டும், அதற்குப் பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. பிள்ளைகளும் அதைப் படித்துவிட்டே பிறந்திருந்தால் எவ்வளவோ வசதி.

இல்லாததைச் சொல்லக்கூடாது. வந்த புதிதில் அந்தக் குறிப்புதான் அவளைக் காப்பாற்றியது. அதற்குமுன் முன்வரிசையோடு பேசி முடிப்பதற்குள் மணியடித்துவிடும். எந்தக் கேள்வி எந்த வரிசைக்கு என்றும் குறிப்பில் இருந்தது; கடைசி வரிசை வாய் திறந்ததே அது வந்த பிறகுதான். அதனால் இன்றைய பாடத்துக்கும் ஒரு எழுத்து மாற்றாமல் அதையே காப்பி எடுத்திருந்தாள்.

வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து குறிப்பைப் பிரித்தார். நெல் பாடம்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தாள்.

வர வேண்டிய பதில், சோறு. காவிரித் தண்ணீர் பாயும் ஊருக்கு எழுதின குறிப்பு அது. இங்கே மானாவாரிக் காடு; அரிசி ரேஷனில் வந்தால் உண்டு.

"வரகுக் கூழு, டீச்சர்."

"எங்க வூட்ல கம்பு."

"நான் ஒண்ணுமே குடிக்கல," என்றாள் கடைசி வரிசை ராசாத்தி.

கதவோரம் நின்ற சவரியார் 'சோறு, சோறு' என்று வாயசைத்தார். லீலா மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, வரகு எப்ப விதைப்பாங்க?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பு சந்தைக்கடையாக இரைந்தது. ஒருத்தன் ஏரைப் பற்றிச் சொன்னான், ஒருத்தி மாட்டைப் பற்றி. மணியடித்தபோது விதைத்த வரகு முளைக்கக்கூட இல்லை.

"முதல் படியே சறுக்கல்," என்றார் இன்ஸ்பெக்டர். "பிள்ளைங்க சோறுன்னு சொல்லலியே?"

"திங்கலீங்களே, சார்."

"பதிலை நீங்கதாம்மா வரவழைக்கணும். திட்டம் எதுக்கு இருக்கு?"

"அரிசி வந்திருந்தா பதிலும் வந்திருக்குங்க."

சவரியார் தலையில் அடித்துக்கொண்டார். "வாயை மூடும்மா, புண்ணியமாப் போவும்!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"சார், என் வேலை என்னங்க ஆச்சு?" என்றாள் லீலா மேரி.

அவர் குடையை எடுத்துக்கொண்டு, "ஜெயங்கொண்டம் பஸ் போயிடலியே?" என்று சவரியாரிடம் கேட்டபடியே வெளியே போனார்.