நூற்றைம்பது ரூபாய்ச் செடிகள்

அக்கா அந்தப் பெட்டியைப் பிரித்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தின மாலை பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்த பார்சல் அது. சர்ச்சுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல், சாப்பாட்டு மேசைமேல் நீளமான அந்த அட்டைப்பெட்டியை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே செய்தித்தாள், அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஈரமான தேங்காய்நார், அதற்குள் பென்சில் நீளத்தில் ஒரு குச்சி. இலை இல்லை, வேர் இல்லை. ஏதோ வெளிநாட்டு அத்தியாம். எவ்வளவு என்று கேட்டேன். மாமா குளித்து முடித்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "நாலாயிரத்து ஐநூறு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி, "நூத்தம்பது ரூவாதான்" என்றாள்.

இதைச் சொன்னவள் என் அக்காதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுவாள். ஆட்டோக்காரர் மீட்டருக்குமேல் பத்து ரூபாய் கேட்டால் இறங்கி நடப்பாள். மாமா அவளுக்கு ஒரு படி மேல். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போடுகிற மனிதர். அந்தச் சிக்கனத்தில்தான் ஒரே மகளைப் படிக்கவைத்தார்கள், கல்யாணம் செய்து கனடாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, மாமா செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டார். அக்காவால் உட்கார முடியவில்லை. அடுக்கிய பாத்திரத்தையே மறுபடி அடுக்கினாள். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்கு எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். "கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போகுதுடி" என்பாள். அப்போதுதான் பழைய சக ஆசிரியை ஒருத்தி அவளை அரிய பழச்செடி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் கை சும்மா இருந்ததே இல்லை. அந்தக் குழுவில் மாலை வேளைகளில் ஏலம் நடக்கும். யாரோ ஒருவர் ஒரு குச்சியின் படத்தைப் போடுவார். ஆளாளுக்கு விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வலது ஆள்காட்டி விரலைத் திரைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். மொட்டைமாடி நிரம்பியது. அத்தியில் மட்டும் எத்தனையோ வகை. புளிப்பை இனிப்பாக மாற்றிக் காட்டும் பழம் ஒன்று, வெள்ளை நாவல், மங்குஸ்தான். ஜபோட்டிகாபா என்று ஒரு மரம், கறுப்புத் திராட்சை போன்ற பழங்கள் அதன் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். பழம் பிடிக்கிற வயதில் அதை வாங்கியிருந்தாள். இருபத்திரண்டாயிரம். ஒரு மாத பென்ஷனில் பாதிக்கு மேல். ஆட்களை வைத்து மாடிக்குத் தூக்கிய அன்று, "நர்சரிய மூடறாங்களாம், நூத்தம்பதுக்கு எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க" என்று மாமாவிடம் சொன்னாள். "தூக்குக் கூலி செடிய விட ஜாஸ்தியா இருக்கே டீச்சர்" என்று மாமா வருத்தப்பட்டார். அவர் அவளை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

வாங்கியதில் அவள் மகிழ்ச்சியாக இருந்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதல் துளிர் வரும்வரை ஒரு நாளைக்குப் பத்து தடவை மாடி ஏறுவாள். துளிர் வந்துவிட்டால் அந்தச் செடிமேல் இருந்த பரபரப்பு போய்விடும், அடுத்ததைத் தேடுவாள். ஜபோட்டிகாபா காய்த்தபோது இரண்டு பழம் தின்றுவிட்டு, "பரவால்ல" என்றாள். மீதியை எனக்குக் கொடுத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். அவளுடைய சொந்தப் பணம்தானே, மாமாவிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "ஆயுசு பூரா ஒவ்வொரு பைசாவுக்கும் அவர்கிட்ட கணக்கு சொன்னேன். அவரும் எங்கிட்ட சொன்னாரு. இது ஒண்ணுக்காவது கணக்கு வேணாம்" என்றாள். அந்தச் சமயம் மாமாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, "அவ்ளோ பணம் எதுக்கு, நடக்க முடியுதில்ல" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவர் படியைப் பிடித்துப் பிடித்து இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இருபத்திரண்டாயிரம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அக்காவுக்கும் குத்தியிருக்க வேண்டும். அவள் இன்னும் வேகமாக வாங்கினாள்.

மகளுக்குப் பிரசவம் என்று அக்கா கனடா கிளம்ப வேண்டி வந்தது. குளிர் தாங்காது என்று மாமா இங்கேயே தங்கிவிட்டார். விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அக்கா பேரக் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை, எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் என்பதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வைட்ஃபீல்டில் இருப்பதால் சனி ஞாயிறு மட்டும் மெட்ரோ பிடித்து வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மற்ற நாட்களில் மாமாதான்.

அவள் போன பிறகு வந்த கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தது. அக்கா வீட்டுப் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. டேங்கர்காரர் ஃபோனையே எடுக்கவில்லை, எடுத்தால் இரண்டு மடங்கு விலை சொன்னார். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் அபராதம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை நான் போனபோது, மாமா குளித்த தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் வாளியில் பிடித்து, ஒரு படிக்கு ஒருமுறை வாளியைக் கீழே வைத்து, அந்த முழங்காலோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் வாங்கப் போனால் விடவில்லை. "எல்லாத்துக்கும் பத்தாது பாப்பா. வெல ஜாஸ்தியானத மட்டும் காப்பாத்தலாம்" என்றார். அவரும் அக்காவும் சேர்ந்து போய் வாங்கிய அவகாடோவும் ஒட்டு மாங்கன்றும் தொள்ளாயிரம் ரூபாய் வீதம். அந்த விலை அவருக்குத் தெரியும். அவற்றுக்குத் தண்ணீர் போயிற்று. நூற்றைம்பது ரூபாய்ச் செடிகள் காத்திருந்தன. எல்லாவற்றையும் விட அதிகம் தண்ணீர் குடிக்கும் ஜபோட்டிகாபா இலை சுருண்டு, நுனி கருக ஆரம்பித்திருந்தது.

மாமா கீழே இறங்கியதும் அங்கிருந்தே கனடாவுக்கு அழைத்தேன். அக்கா தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மரத்தைக் காட்டினேன். "அவர்கிட்ட உண்மை வெலைய சொல்லிடட்டுமா? சொன்னா இதுக்குத்தான் முதல்ல ஊத்துவார்" என்றேன். அக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மரத்தைப் பார்த்தாள். குழந்தை சிணுங்கியது. "முட்டி வலியோடயா தூக்கறாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சொல்லாத. காயட்டும்" என்றாள். பிறகு குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

மரம் காய்ந்தது. அக்கா திரும்பி வந்த அன்று நேராக மாடிக்குப் போனாள். ஜபோட்டிகாபாவின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. மாமா பின்னாலேயே வந்து நின்றார். "தண்ணி பத்தல டீச்சர். நூத்தம்பது ரூவா செடிதானேன்னு கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டேன். வேற வாங்கித் தரேன்" என்றார். அக்கா, "போனாப் போவுது விடுங்க" என்றாள். அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

மாமா சொன்னால் செய்கிறவர். அடுத்த வாரமே என் காரில் சர்ஜாபுரம் சாலையில் ஒரு நர்சரிக்குப் போனோம். எப்படித் தடுப்பது என்று தெரியாமல் வழியெல்லாம் நான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். நர்சரிக்காரர் முழங்கால் உயரத்தில் ஒரு ஜபோட்டிகாபாக் கன்றைக் கொண்டுவந்து வைத்தார். மாமா விலை கேட்டார். "ஏளு சாவிர சார்" என்றார் அவர். மாமாவுக்கு என்னைவிட நன்றாகக் கன்னடம் வரும், ஆனாலும் எழுநூறா என்று திருப்பிக் கேட்டார். ஏழாயிரம் என்று அந்த ஆள் தமிழிலேயே சொன்னார். ஆள் உயரத்துக்கு, காய்க்கிற மரமாக வேண்டும் என்றால்? "அதெல்லாம் இருபதுக்கு மேல சார். கெடைக்கறதே கஷ்டம்." மாமா கன்றின் இலையைத் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். பேரம் பேசவில்லை.

சிக்னலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தார். "உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும் மாமா."

"எல்லாமே அப்படித்தானா?"

தலையாட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. "அவ காசு. அவ சம்பாதிச்சது" என்றார். அப்புறம், "எங்கிட்ட சொல்ல பயந்திருக்காளே. நான் என்ன அவ்ளோ மோசமானவனா?" என்றார். அவர் மோசமானவர் இல்லை. ஆனால் ஒரு பெண் தன் பணத்தைத் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க அந்த வீட்டில் ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டும் உண்மை. வண்டியை நகர்த்தினேன்.

வீட்டில் அக்கா கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என்ன விலை என்று கேட்டாள். மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நூத்தம்பது" என்றார்.

அக்கா அப்படியே நின்றாள். வகுப்பில் தப்பான விடையைக் கேட்டால் நிற்பாளே, அந்த மாதிரி. பிறகு கன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் இறங்கவே இல்லை. இறங்கி வந்தவள் கையில் ஃபோன் இருந்தது. "திங்கக்கெழம காலைல ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர்கிட்ட டைம் வாங்கிட்டேன். முட்டி ஆபரேஷனுக்கு" என்றாள்.

"எவ்ளோ ஆகும்?" என்றார் மாமா.

"நூத்தம்பது ரூவா."

மாமா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியின் விலையாகச் சொல்ல ஆரம்பித்தாள், விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண் வாசிக்கிற அதே குரலில். பாதிச் செடிகளைத் தாண்டுவதற்குள் அவர் சிரிப்பு போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து, இப்போது மாமா ஊன்றுகோல் இல்லாமல் மாடி ஏறுகிறார். அந்த வீட்டில் உண்மையான விலைகள் பேசப்படுகின்றன, அதனால் சண்டையும் வருகிறது. இதற்குமுன் இத்தனை வருடத்தில் அங்கே நான் சத்தம் கேட்டதே இல்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் படியில் பாதி ஏறும்போதே இருவர் குரலும் கேட்டது.

"மூவாயிரமா? ஒரு குச்சிக்கா?"

"ஆமா. என் பென்ஷன்."

"உன் பென்ஷன்தான், யாரு இல்லன்னா? அதுக்குன்னு?"

மேலே போவதா, அப்படியே திரும்பிவிடுவதா என்று தெரியாமல் படியிலேயே நின்றேன். மாடியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். பிறகு மாமாவின் குரல், தணிந்து வந்தது.

"ஏலத்துல வேற யாராவது கேக்கறாங்களா?"

"ஒருத்தர் மூவாயிரத்து இருநூறு போட்டிருக்காரு."

வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"விட்டுடாத, டீச்சர்" என்றார் மாமா.