புத்தி சொல்லாத ஒருவரை அனுப்பும்

கட்டில் தலைமாட்டில் நின்று மற்றவர்களுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனை மேரி. பதினொரு வருடமாக எங்கள் பங்குக் கோயிலின் நோயாளர் சந்திப்புக் குழுவில் இருக்கிறேன். யாராவது அழுதால் எனக்குப் பிடிக்காது. கிராண்ட்பாஸில் இருக்கும் ரீற்றா அக்கா கீமோ எடுத்த காலத்தில், எங்களைக் கண்டதும் அழுதார். "அழாதீங்க அக்கா. விசுவாசம் இருக்கிறவங்க அழுவாங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லது செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

போன வருடம் என் மார்பில் கட்டி. ஒப்பரேஷன் முடிந்ததும் ஆறு கீமோ என்றார்கள். தவக்காலம் தொடங்கிய கிழமை முதலாவது. இரண்டாவது ஏற்றுவதற்குள் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. கீழ்வீட்டில் மீன் பொரித்தால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். கண்ணாடியைத் துவாயால் மூடச் சொன்னேன். என் கணவர் அன்ரன் மூடினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிது பயம். செத்துப்போவேன் என்ற பயம். அதை யாரிடம் சொல்வது? எங்கள் குழு வந்தது. "மற்றவங்களுக்குச் சொன்ன ஆள் நீங்க. நீங்களே சோர்ந்து போனா எப்பிடி அக்கா?" என்றார்கள். சிரித்து வைத்தேன். அவர்கள் படி இறங்கியதும் வாந்தி எடுத்தேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாவது கீமோ. அதோடு போதும் என்று முடிவெடுத்துவிட்டேன். அன்ரனிடம்கூடச் சொல்லவில்லை. நான்காவதுக்கு முதல் நாள் பின்னேரம் குளியலறைத் தரையில் உட்கார்ந்தேன். அழகான செபம் ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, எனக்குப் புத்தி சொல்லாத ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான் கேட்டேன்.

கட்டிலுக்குத் திரும்பி அரை மணி நேரம் ஆகவில்லை, பெல் அடித்தது. அன்ரன் கதவைத் திறந்தார். ரீற்றா அக்கா நின்றார், கையில் ஒரு ஃபிளாஸ்க். போயும் போயும் இவரையா அனுப்பினீர் என்றிருந்தது. எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்?

அவர் செபம் சொல்லவில்லை. அறைக்குள் வந்து ஃபிளாஸ்கைத் திறந்தார். தம்பிலி இளநீரை உறைய வைத்த சின்னச் சின்ன ஐஸ் கட்டிகள்.

"ஒண்டு வாயில வச்சிரு. புண்ணுக்குச் சுகமா இருக்கும்."

வைத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒன்று வாய்க்குள் நோகாமல் கரைந்தது.

"அக்கா, அண்டைக்கு நான் உங்கள..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்கு நீங்க எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திட்டு அழுதன் மேரி. தனிய அழுறதுதான் கஷ்டம்." எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ அழு. நான் இருக்கிறன்."

அழுதேன். சாகப் பயம் என்றேன். நாளைக்குப் போகமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் வாதாடவில்லை. "விடிய ஆறு மணிக்குத் த்ரீவீலோட வாறன். வேணாமெண்டா திருப்பி அனுப்புவம்" என்றார்.

திருப்பி அனுப்பவில்லை. மீதி மூன்றுக்கும் அவர்தான் கூட வந்தார். வாந்தியும் நோவும் நிற்கவில்லை, ஆனால் தாங்க முடிந்தது. இப்போது முடி முளைத்திருக்கிறது. கடைசி ஸ்கேனில் நோய் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆண்டவருக்கு ஆயிரம் முறை நன்றி சொல்கிறேன். நான் காயப்படுத்திய ஆளின் கையாலேயே எனக்கு உதவி அனுப்பியவர் அவர்.

உங்களில் யாராவது இப்போது குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தால், நல்ல வார்த்தை தேடாதீர்கள். கோபமாகவே கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் ஒரு இளம் தாயைப் பார்க்கப் போனோம். மூன்றாவது கீமோ. எங்களைக் கண்டதும் அவசரமாகக் கண்ணைத் துடைத்து, "நான் அழ இல்ல அக்கா" என்றார். மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு என் ஃபிளாஸ்கைத் திறந்தேன்.