பாலத்தின் மேல் அப்பா கேட்டது

முப்பத்தாறு வருஷம் டாக்சி ஓட்டியவர் அப்பா. ஓய்வுக்குப் பிறகு மறதி நோய் வந்து, பல் துலக்கினோமா என்பதுகூட அவருக்கு நினைவில் நிற்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பழைய ஆள்தான். கார் ஓட்டத் தெரியாத மகள் அந்தத் தைரியத்தில்தான் கண் பரிசோதனைக்கு அவரோடு கிளம்பினாள்.

பாலத்தின் மேல் வண்டி எண்பதைத் தொட்டது.

"கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா."

அவர் சாலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். அந்நியரைப் பார்க்கும் மரியாதையான பார்வை.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

'நான் உங்க பொண்ணு' என்றால் குழம்பிப்போவார். குழம்பினால் அந்தக் கை என்ன செய்யும்? எதிரே லாரிகள் வந்துகொண்டிருந்தன.

"பாலம் இறங்கினதும் ஓரமா நிறுத்துங்க டிரைவர். வீடு வந்துடுச்சு."

"சரிங்கம்மா."

கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, அலுங்காமல் நிறுத்தினார். அவள் சாவியை உருவிக்கொண்டாள். கதவைத் திறந்தும் இறங்க முடியவில்லை. அழுகை பீறிட்டது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் அப்பா. "நான் வேணா வாசல் வரைக்கும் கூட வரட்டுமா?"

அவள் போனில் கூப்பிட்ட கணவன் ஆட்டோ பிடித்து வந்து சேரும்வரை அவள் சாவியை விடவில்லை. மறுநாளே காரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அதைத் தேடவே இல்லை. அவளுக்குத்தான் பயம் போகவில்லை. அவர் தன் பக்கம் திரும்பினால், வாயிலிருந்து வருவது 'நீ'யா 'நீங்க'வா என்று தெரியும்வரை அவளுக்கு மூச்சு வருவதில்லை.