வழியில் வருவதும் வழியில் நிற்பதும்

கணவர் இறந்த மறுவருடம் தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு, எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். அறை கூட்டுவதும் படுக்கை விரிப்பதும் என் வேலை. இங்கிலீஷ் தெரிந்தால் மேசையில் பரிமாறலாம், முழங்கால் வலி குறையும் என்று மேனேஜர் சொன்னார். அதனால் சனிக்கிழமைகளில் ஹாலிஎலவிலிருந்து பஸ் ஏறி பதுளைக்கு வகுப்புக்குப் போனேன்.

ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வகுப்பு. கூடப் படித்தவர்கள் ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளைகள். நாற்பத்தெட்டு வயதில் நான் ஒருத்திதான். இடைவேளையில் அவர்கள் கூட்டமாக டீ குடிக்கப் போவார்கள். நான் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருப்பேன்: ஒன் த டேபிள், அட் த டோர், பை பஸ். ‘மேசையில்’ என்று நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதை இங்கிலீஷில் முன்னால் வைக்கிறார்கள். படித்ததைச் சொல்லிப் பார்க்க லயத்து வீட்டில் ஆளில்லை. ஒரே மகன் கொழும்பில். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் காலை பங்களா முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் கேமராவோடு வந்து, “யூ ஆர் இன் த வே” என்றார். முந்தின வாரம்தான் ‘ஒன் த வே’ படித்திருந்தேன், வந்துகொண்டிருப்பது என்று. வேலைக்கு வந்துவிட்டாயா என்று விசாரிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாக்கியம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் “யெஸ் சேர்” என்று சிரித்து, அங்கேயே நின்றேன். அவர் மறுபடி சொன்னார். நானும் மறுபடி சிரித்தேன். கடைசியில் சமையல்காரர் வந்து என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். வெள்ளைக்காரர் அவருக்கு நன்றி சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை டீச்சரிடம் கேட்டேன். என் மகனைவிட இளையவள். இரண்டையும் பலகையில் எழுதினாள்.

“தமிழ்ல ரெண்டுமே வழியிலதான் அக்கா. ஒன்னு, வழியில வந்துகிட்டு இருக்கோம். மத்தது, இன்னொருத்தர் வழியில குறுக்க நிக்கிறோம்.”

அதை எழுதும்போது கொழும்பு ஞாபகம் வந்தது. கணவரின் காரியம் முடிந்ததும் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். அவனுக்கு இருந்தது ஒரே வாடகை அறை. மருமகள் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் காலையில் அவள் உடுப்பு மாற்ற நான் வெளியே படியில் போய் நிற்க வேண்டும். என் பாயை விரித்தால் கதவு முழுதாகத் திறக்காது. பதினொரு நாள் இருந்தேன். பிறகு, வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள் என்று பொய் சொல்லி ரயில் ஏறினேன். ஏன் திரும்பி வந்தேன் என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை.

வகுப்புக்கு மறுநாள் மகன் போன் எடுத்து, தீபாவளிக்கு வரச் சொன்னான். நான் கேட்டே விட்டேன்.

“நான் அங்க இருந்தது உங்களுக்கு இடைஞ்சலா இருந்துச்சா?”

இல்லை என்பான் என்று காத்திருந்தேன்.

“சின்ன ரூம்தானேம்மா,” என்றான். பிறகு, “நீங்க போன அன்னைக்கு அவ அழுதா,” என்றான்.

ரெண்டு நாளைக்கு வருகிறேன் என்றேன். சரி என்றான். கூட ஒரு நாள் இருங்கள் என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை என்றால் பொய்.

அந்த மாதக் கடைசியில் மேசை வேலை கிடைத்தது. காலையில் முட்டையும் ரொட்டியும் வைக்கும்போது, ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்பார்கள். தப்பில்லாமல் சொல்கிறேன். அவர்கள் கிளம்பிப் போனபின் பிளேட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.