தட்டிவிட்டுத் திறப்பவர்

பாடி மேம்பாலத்துக்கு அருகே வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை வைத்திருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, கையெல்லாம் கீறல்கள். எந்தக் கூண்டைத் திறப்பதற்கு முன்பும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் கம்பியை விரலால் இரண்டு முறை தட்டுவார்.

அவரிடம் நாங்கள் வாங்கிய இரண்டு கினி பிக்குகளில் வெள்ளை நிறத்தது ஒருநாள் காலையில் திடீரென்று செத்துக் கிடந்தது. பள்ளியிலிருந்து வந்து மகள் பார்த்தால் அழுவாளே என்று உடனே புதைத்தேன். சாவு வீட்டைக் கழுவிவிடுவதுபோல் கூண்டையும் ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன். அதன்பிறகு பழுப்பு நிறத்தது சரியாகத் தின்னவில்லை. மூலை மூலையாக மோந்துகொண்டே இருந்தது. அதற்கு ஒரு துணை வாங்கலாம் என்று மறுபடி அவரிடம் போய், நடந்ததைச் சொன்னேன்.

"செத்தத அதுக்குக் காட்டினியா சார்?" என்று கேட்டார்.

"இல்லையே, உடனே எடுத்துட்டேன். கூண்டைக்கூட கழுவிட்டேன்."

"கொஞ்ச நேரம் பக்கத்துல உட்டிருந்தா மோந்து பாத்துத் தெரிஞ்சிகினு இருக்கும். இப்ப அது செத்ததே இதுக்குத் தெரியாது சார். நீ எங்கியோ தூக்கினு பூட்டேன்னு தேடிகினு கீது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கம்பியைத் தட்டி, ஒரு குட்டியை எடுத்துக் கொடுத்தார்.

குட்டியோடு பழுப்பு பழகிவிட்டது. இப்போது நானும் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். சத்தம் கேட்டதும் பழுப்பு ஓடிவருகிறது. நான் நீட்டும் கொத்தமல்லியைத் தொடுவதற்கு முன், என் கையைத்தான் வெகுநேரம் மோந்து பார்க்கிறது.