சிவப்புப் பொட்டு வைத்த பாட்டில்

இங்கிலாந்தில் பீர் காய்ச்சுகிற ஊரான எங்கள் பர்ட்டனில் வீசுகிற காற்றே முளைகட்டிய பார்லி மால்ட் மணக்கும். இங்கே பிறந்தவர்கள் பீரைப் பற்றிப் பெருமையடிப்பது புதிதல்ல. ஆனால் என் அக்கா ஐவியின் கணவர் பெர்சி கில்பி அளவுக்கு அடித்தவர் எவருமில்லை. மனிதர் பஸ் டிரைவர். ஐந்தாம் நம்பர் பஸ்ஸை ஒரு நிமிடம் பிந்தவிட மாட்டார். ஒரு பாட்டில் பீரைத் திறக்க மட்டும் ஐந்து வருடம் எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இங்கே கறுத்த, முரட்டு பீர் ஒன்று வரும். புதிதாகக் குடித்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். இருட்டில் ஐந்து வருடம் கிடந்தால் பேரீச்சம்பழமும் பாகுமாக இளகிவிடும். பெர்சி வருடத்துக்கு ஒரு டஜன் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் நிறுத்தி வைப்பார். மூடிமேல் வருடத்துக்கொரு நிறத்தில் பெயின்ட் பொட்டு. அலமாரிக்குப் பூட்டு, சாவி கடிகாரத்துக்குப் பின்னால். அது அங்கே இருப்பது வீட்டுப் பூனைக்கும் தெரியும். பெயின்ட் டப்பாக்களும் பிரஷ்ஷும் அதே அலமாரியில். கெட்டிக்காரர்!

நவம்பர் முதல் ஞாயிறு மதியம் என் மதுக்கடைக்கு ஐந்து வருடத்து பாட்டில்களோடு வருவார். முகர்ந்து முகர்ந்து, நமக்குத் தாகமே செத்துப்போன பிறகுதான் ஒரு வாய் குடிப்பார். பிறகு நோட்டில் எழுதுவார். ‘1967: நனைந்த நாய் வாசம். ஆனாலும் நல்ல நாய்.’ ‘1972: மாமியார் வருகை. ஆரம்பத்தில் இனிப்பு, பிறகு போகவே மாட்டேன் என்கிறது.’

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிவப்புப் பொட்டு பாட்டில். 1963இல் மகள் ஹேசல் பிறந்தபோது வைத்தது. அவள் கல்யாணத்தன்றுதான் திறப்பேன் என்று இருபத்திரண்டு வருடம் பீற்றிக்கொண்டார்.

கல்யாண நாளும் வந்தது. விருந்து என் கடையில். காலையில் பன்றித்தொடைக் கறியை வெட்டிக்கொண்டிருந்தேன். ஐவி பின்வாசல் வழியாக ஓடிவந்தாள்.

“டோரீன், அந்த செவப்புப் பொட்டு பாட்டில நீதான சபைக்குக் கொண்டுவரப் போற? கை தவறுன மாதிரி கீழ போட்டு ஒடச்சிடு.”

“கல்யாண நாளும் அதுவுமா ஒனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?”

அழுதுகொண்டே சொன்னாள். 1971, கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறுகிற ஞாயிறு. மாவும் திராட்சையும் கலந்தாகிவிட்டது, ஊற்ற பீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? மதியத்துக்கு மேல் என் கடையும் மூடித்தான் கிடக்கும். இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஊற்றிவிட்டாள். பிறகுதான் மூடியைப் பார்த்திருக்கிறாள். சிவப்பு.

“அந்த வருஷத்து பீர் ஒண்ண வாங்கி, செவப்புப் பொட்டு வச்சு நிறுத்திட்டேன். அந்த புட்டிங்க மனுசன் மூணு தடவ வாங்கித் தின்னாரு! மாப்பிள்ளையோட அப்பா பீர் காய்ச்சுறவருடி. நாக்குல வச்சதும் சொல்லிடுவாரு. சபைல என் மானம் போயிடும்.”

சரி என்று அனுப்பினேன். அரைமணி ஆகவில்லை, அதே பின்வாசலில் பெர்சி. கோட்டில் பூ, முகத்தில் ஈயாடவில்லை.

“டோரீன், என் வாத்து...” எங்கள் ஊரில் கொஞ்சினாலும் வாத்துதான், கெஞ்சினாலும் வாத்துதான். “அந்த பாட்டிலக் கொஞ்சம் ஒடச்சிடேன்.”

கத்தியைக் கீழே வைத்தேன்.

“அறுபத்தாறுல நாம உலகக் கோப்பை ஜெயிச்சோமில்ல? அந்த சந்தோஷத்துல இருக்கறதுலயே ஒசந்தத எடுத்துக் குடிச்சிட்டேன். மூணு வருஷந்தான் ஆயிருந்துது. நல்லாவே இல்ல. அந்தக் கிறிஸ்துமஸ் பீர்ல ஒண்ணுக்குப் பொட்டு வச்சு ஒப்பேத்திட்டேன். ஐவிக்குத் தெரிஞ்சா செத்தேன்.”

இருபது வருடத் தொழிலில் ஒரு பாட்டிலை உடைத்தவள் இல்லை நான். இவர்கள் திருட்டுத்தனத்துக்கு என் பெயரா கெடவேண்டும்? ஆத்திரமாக வந்தது. ஆனால் அக்கா அழுத முகம் கண்ணிலேயே நின்றது. போகட்டும், உடைத்துத் தொலைப்போம் என்று தட்டோடு சபைக்குள் நுழைந்து, கால் இடறினேன்.

பாட்டில் தரையைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பாய்ந்து, தொட்டிலிலிருந்து விழுந்த குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திவிட்டார்.

“இருபத்திரண்டு வருஷச் சரக்கு! பாத்து வரக்கூடாதாம்மா?” என்று என்னைக் கடிந்துகொண்டு, தானே திறந்து, தானே ஊற்றி, முதல் வாயையும் தானே குடித்தார். புருவம் நெளிந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்க பெர்சி. நல்ல பீருதான். ஆனா இது அஞ்சு வருஷத்துக்கு மேல இல்ல.”

“அஞ்சா?” பெர்சி துள்ளினார். “பத்தொன்பதாவது இருக்கணுமே!”

“அதெப்படி?” என்றாள் ஐவி. “பதினாலுதான?”

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அஞ்சுதான்” என்று வெள்ளை உடைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். ஹேசலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “பதினேழு வயசுல அந்த ராஸ்கல் என்ன விட்டுட்டுப் போனான்ல? இனிமே எனக்குக் கல்யாணமே கெடையாதுன்னு நெனச்சேன். அப்பறம் எதுக்கு அந்த பாட்டில்னு குடிச்சிட்டேன். சனிக்கிழம வேலைக்குப் போன சம்பளத்துல வேற வாங்கி வச்சேம்ப்பா. அதுக்கப்பறம் தொடவே இல்ல.”

பெர்சி டம்ளரை எடுத்தார். முகர்ந்தார், முகர்ந்துகொண்டே இருந்தார். இந்த மனிதர் இப்போது மகளை ஏதாவது சொன்னால் அந்த உலகக் கோப்பைக் கதையை நானே போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு வாய் குடித்தார்.

“பேரீச்சம்பழம்” என்றார். இன்னொரு வாய். “பாகு.” டம்ளரை ஹேசல் பக்கம் நீட்டினார். “நான் மூணு வருஷங்கூடப் பொறுக்கல, வாத்து. நீ அஞ்சு வருஷம் பொறுத்திருக்க.”

காலையில் பாட்டிலை எடுத்தபோது கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட அலமாரிச் சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார். “இனிமே இது ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஐவி குறுக்கே வந்தாள்.

“சாவி கெடக்கட்டும். மொதல்ல அந்தப் பெயின்ட் டப்பாவத் தூக்கி அவகிட்டக் குடுங்க.”